கெலிஓயாவில் சபியாவின் கண்களைப் பார்க்கப் போனது

1936 பெப்ரவரியில் நான் கண்டிப் பக்கம் போனது ஊர் பார்க்க அல்ல. கொழும்பில் ஆறு வருடங்களாக விழித்திரையை ஆராய்ந்து கொண்டிருந்தேன். தவளைகளும் பல்லிகளும்தான் என் கூட்டாளிகள். கண்ணின் பின்சுவரில் உள்ள அந்த மெல்லிய திரையில் வெளிச்சத்தை வாங்கும் உயிரணுக்கள் இரண்டு வகை. ஒன்று பகலுக்கும் நிறத்துக்கும், மற்றது மங்கலுக்கு. முதல் வகை பிறவியிலேயே வேலை செய்யாத மனிதர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கெலிஓயாவில் அப்படி ஒரு பெண் இருக்கக்கூடும் என்று கண்டி வைத்தியர் ஒருவர் எழுதியதும் இரண்டு நாள் லீவு எடுத்தேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து காலை ஏழரை ரயில். கண்டி எழுபத்தைந்து மைல். பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தது. கருவிப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். கால் மரத்துப் போனதுதான் மிச்சம். கண்டியிலிருந்து கெலிஓயாவுக்கு ஏழு மைல், பஸ்ஸுக்கு இருபது சதம். நடத்துனர் பெட்டியைக் கூரையில் போடச் சொன்னார்.

"உள்ளுக்குக் கண்ணாடி இருக்குது, தம்பி. உடைஞ்சால் நான் வந்ததே வீண்."

"அப்ப முன்னுக்கு உக்காருங்கம்மா. அங்க குலுங்காது."

குலுங்கியது. ஆனால் ஒன்றும் உடையவில்லை.

புடவைக்கடை கரீம் முதலாளி கடை வாசலிலேயே காத்திருந்தார். நான் பார்க்க வந்த சபியா அவருடைய தங்கை, இருபத்திரண்டு வயது; அண்ணனை 'நானா' என்று கூப்பிடுவாள். கடைக்குப் பின்னால் வீடு. வெயில் விழுந்த முன்னறையில் அவள் முக்காட்டைப் புருவம்வரை இழுத்து, தலையைக் குனிந்து கொண்டிருந்தாள். கண்கள் ஓயாமல் இமைத்தன. எழுத்து அட்டையில் முதல் வரிக்கு மேல் அவளால் போக முடியவில்லை.

"நடிக்கிறா எண்டு ஒரு டொக்டர் சொன்னார், நோனா" என்றார் கரீம், என்னை மரியாதையாக விளித்து. "இன்னொருத்தர், கண்ணுக்கு வேல குடுத்தா பார்வை முழுசாப் போயிரும் எண்டார். பதினாலு வயசில இவட புத்தகத்தையெல்லாம் நான்தான் எடுத்து அலுமாரியில பூட்டினேன்."

யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தச் சொன்னேன். மூன்றாவது யன்னல் மூடியதும் சபியா தலையை நிமிர்த்தினாள். இமைப்பு நின்றது. முழுதாகத் திறந்த கண்களால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அட்டையில் இன்னும் இரண்டு வரி வாசித்தாள். பிறகு முன்யன்னலை மட்டும் அரைவாசி திறந்து, நிறம் பார்த்துப் பிரிக்கக் கம்பளி நூல்களைக் கொடுத்தேன். சிவப்பையும் கறுப்பையும் ஒன்றாக வைத்தாள். பச்சையும் சாம்பலும் அவளுக்கு ஒன்றே. கண்ணுக்குள் விழித்திரையைப் பார்க்கும் கருவியில் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒரு பழுதும் தெரியவில்லை.

நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது வேறு பதில்.

"பிள்ளை, இது பிறவியில வந்தது. கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. நீர் குருடாகப் போறதில்லை."

"வாசிச்சா?"

"எவ்வளவும் வாசியும். வெளிச்சத்தைக் குறைச்சு, கிட்டப் பிடிச்சு வாசியும்."

அவள் அண்ணனின் பக்கம் திரும்பி, "எட்டு வருஷம், நானா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கரீம் எழுந்து கடைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கையில் அலுமாரிச் சாவி இருந்தது.

அன்று மாலை வரை சபியா எனக்காகப் பொறுமையாக உட்கார்ந்தாள். நூறு தடவையாவது "தெரியுதா, தெரியேல்லையா" என்று கேட்டிருப்பேன். தவளை பதில் சொல்லாது, இவள் சொன்னாள். வெயில் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "மாவைக் கண்ணுக்குள்ள கொட்டின மாதிரி" என்றாள். எந்தப் புத்தகத்திலும் எனக்கு அவ்வளவு தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை. பின்னர் நான் எழுதியவை எல்லாம் அந்தப் பிற்பகலுக்குக் கடன்பட்டவை. நன்றி சொன்னபோது அவள் வெட்கப்பட்டாள்.

கொழும்பிலிருந்து வெயிலுக்குப் போடக் கருஞ்சிவப்புக் கண்ணாடியும் வாசிக்க உருப்பெருக்கும் கண்ணாடியும் தபாலில் அனுப்பினேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லவிருந்த யோசனைகளைவிட ஏப்ரலில் சபியா எழுதிய கடிதம் மேல். பதினொரு பக்கம், பக்கத்துக்கு நான்கு வரி, ஒவ்வோர் எழுத்தும் விரல்நுனி அளவு: "கண்டிக்குப் போய்த் திரும்பி வராதீங்க. பேராதனைச் சந்தி ஸ்டேஷனில் இறங்குங்க, அங்கிருந்து நாலு மைலும் இல்லை. மழைக்குக் குடை கொண்டு வாங்க. நாலு மணிக்குப் பிறகு வந்தால் வெயில் தணிஞ்சிருக்கும். நானே ரோட்டுக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவேன்."