சித்தப்பா நடத்திய மாநாடு

எங்கள் ஊரில் அதற்கு முன்பும் மாநாடு என்று எதுவும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை. நடந்த ஒன்றே ஒன்றை நடத்தியவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்குக் கதவு மாட்டும் லைனில் காண்டிராக்ட் வேலை பார்த்தார். வாரா வாரம் அவருக்கு ஷிஃப்ட் மாறும். எந்த ஷிஃப்ட்டிலிருந்து வந்தாலும் கைகால் கழுவிய கையோடு காமிக்ஸ் பெட்டியைத் திறந்துவிடுவார். சிறுவயதில் தொடங்கியது, முப்பது வயதாகியும் விடவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன பழக்கம் உண்டு என்று கேட்டதற்கு இதைச் சொல்லிவிட்டார் என்றும், குடிப்பதாகச் சொல்லியிருந்தால்கூட அவர்கள் யோசித்திருப்பார்கள் என்றும் அப்பா சொல்வார்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தை மாதத்தில் என் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். மூன்று வயது. பாலூற்றிய மறுநாளே அப்பா பஸ்ஸை எடுத்துவிட்டார். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் அது; விடியலில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டியபோது அம்மா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அம்மா உள்ளே போய்விடுவாள். "உங்கப்பாவ துன்ன சொல்லு" என்பாள் என்னிடம். "உங்கம்மாவ தண்ணி கொண்டார சொல்லு" என்பார் அவர், அதுவும் என்னிடம்தான். ஒருவர் குரல் இன்னொருவருக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்வேன். எனக்கு அது ஒரு பதவி கிடைத்த மாதிரி இருந்தது.

அம்மா காமிக்ஸ் படிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். முன்பெல்லாம் அந்தப் பெட்டியை எடைக்குப் போடப்போவதாக மாதம் ஒருமுறை மிரட்டியவள், இப்போது மத்தியானங்களில் ஃபேனுக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்தபடி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். துப்பறிகிறவன், குதிரை ஓட்டுகிறவன், கடலுக்கடியில் போகிறவன் எல்லோரையும் முடித்துவிட்டு அட்டையில்லாத ஒரு புத்தகத்துக்கு வந்தாள். அதன் பெயர் அட்டையோடு போயிருந்தது. பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில், மலை ஊர்களுக்குத் தபால் மூட்டை சுமக்கும் ஒருவனுடைய மகன் பனிப்புயலில் காணாமல் போய்விடுகிறான். தகப்பன் தேடிப் போகிறான். ஒரு குகை வாசலில் லாந்தரைத் தூக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கிறான். அதோடு சரி. மீதிப் பக்கங்கள் இல்லை. சித்தப்பா அதைப் பழைய பேப்பர் கடையில் வாங்கியபோதே அப்படித்தான் இருந்ததாம்.

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "முடிவு தெர்லயா தம்பி உனக்கு?" என்று சித்தப்பாவிடம் கேட்டாள். "தெர்ல அண்ணி. யார்னா வச்சிருப்பாங்க, கேக்கறேன்" என்றார் அவர். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

சித்திரையில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. சாவு விழுந்த வீடு என்பதால் அந்த வருஷம் எங்களுக்குத் திருவிழா கிடையாது. பொங்கல் வைக்கக் கூடாது, சாமி எங்கள் வாசலில் நிற்காமல் போகும். இந்த நிலைமையில்தான் சித்தப்பா கோயில் தலைவரிடம் போய், திருவிழா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடம் வேண்டும் என்று கேட்டார். அன்றைக்குத்தான் சுற்றுவட்டாரக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பகலில் லீவு, வாசகர்கள் வர முடியும் என்பது அவருடைய கணக்கு. நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒம் வூட்ல ஒரு வருசம் கூட ஆவல. மாநாடு கேக்குதா உனக்கு?" என்றார் தலைவர்.

"சாமிக்கும் இதுக்கும் சம்மந்தமில்லீங்க. பொம்ம புக்கு படிக்கறவங்க நாலு பேரு கூடி பேசறதுதான்."

"பொம்ம புக்குக்கு எதுக்குடா மாநாடு?"

தலைவருக்கு என்ன தோன்றியதோ, அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் பெண்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு கூடத்தைக் கொடுத்தார்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் தன் வழக்கப்படி, கும்பிட்ட கையோடு சித்தப்பாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'அனைவரும் வருக' என்று எழுதிவிட்டார். அடியில் சின்னதாக ஒரு குதிரை வீரன். அதைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே ஒரு கான்ஸ்டபிள் வந்து இது எந்தக் கட்சி, பர்மிஷன் இருக்கிறதா என்று விசாரித்தார். சித்தப்பா நான்கு புத்தகங்களை எடுத்துக் காட்டினார். கான்ஸ்டபிள் நின்றபடியே ஒன்றைப் பாதிவரை படித்துவிட்டு, மீதியைப் பிறகு வந்து படிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவும் செய்தார்.

நான் கிளம்பும்போது அம்மா அட்டையில்லாத புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இத காட்டி கேளு. எப்டி முடியுதுன்னு ஒழுங்கா கேட்டுக்கினு வா. பாதிய வுட்டுட்டு வராத."

"நீயும் வாயேம்மா."

"பெத்தவ நான் கோயிலாண்ட வரக்கூடாது. போ."

மாநாடு நான் நினைத்தது போல் இல்லை. முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அப்பா வயது ஆட்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் வழுக்கையாக இருந்தார். மணிமங்கலத்துக்காரர் மனைவிக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னார். கூடத்தின் ஒரு பாதியில் பெண்கள் பூசணிக்காய் நறுக்க, மறு பாதியில் இவர்கள் ஜமக்காளத்தில் புத்தகங்களைப் பரப்பி, கதாநாயகர்களைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் பேசுவது போலப் பேசினார்கள். சித்தப்பா எழுந்து வரவேற்புரை சொன்னார். கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறியதால் அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பூசணிக்காய் நறுக்கியவர்களும் தட்டினார்கள்.

நான் என் புத்தகத்தோடு ஒவ்வொருவரிடமும் போனேன். காஞ்சிபுரத்துக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே சிரித்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் வேலை, ஹாஸ்டலில் ஜாகை. ஊரிலிருந்து துணிமணியைவிட அதிகமாகப் புத்தகங்களைத்தான் கொண்டுவந்திருப்பார் போல. ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் இருந்தது.

"தாயி, கை ஈரமா இருக்கா? பாவாடையில தொடச்சிட்டுத் தொடு" என்று சொல்லி, அதே புத்தகத்தை அட்டையோடு எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். சித்தப்பாவும் வந்து என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். குகைக்குள் பையன் இல்லை. அவனுடைய கம்பளித் தொப்பி கிடக்கிறது. தகப்பன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்கிறான். லாந்தர் அணைகிறது, விடிகிறது, அவன் உட்கார்ந்தே இருக்கிறான். பிறகு தொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தபால் மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறான். முற்றும்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு சண்டை இல்லை, வில்லன்கூட இல்லை.

"சின்னதுல இத படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல" என்றார் கோவில்பட்டிக்காரர். "வேணும்னா எடுத்துட்டுப் போயி ஜெராக்ஸ் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. திரும்பத் தந்தாப் போதும்."

"வேணாங்க" என்றார் சித்தப்பா. என்னைத் தண்ணீர் டிரம் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

"அம்மா கேட்டா பையன் கெடச்சிட்டான்னு சொல்லு."

"கெடைக்கலியே சித்தப்பா."

"கெடச்சான். கொகைல தூங்கிக்கினு இருந்தான். அவ்ளோதான், சொல்லு."

"பாதிய வுட்டுட்டு வராதன்னு அம்மா சொல்லிச்சு. முடிவுல தொப்பிதான கீது?"

சித்தப்பா ஸ்பீக்கர் கம்பத்தைப் பார்த்தார். பின்னாலேயே வந்திருந்த கோவில்பட்டிக்காரர் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"இதுக்கு அடுத்த பாகம் உண்டு தாயி" என்றார். "அதுல பையன் கெடச்சிருதான். நான் படிச்சிருக்கேன்."

"எங்க அது?"

"ஊர்ல கெடக்கு."

சித்தப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. இரண்டு பேரும் காமிக்ஸைப் பற்றித்தான் ஏதோ உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு இப்போது நிம்மதியாக இருந்தது. சித்தப்பா சொல்லச் சொன்னதையும் சொல்லலாம், அம்மா கேட்ட முடிவையும் விடாமல் சொல்லலாம். யாருக்கும் குறையில்லை.

மாநாடு முடிவதற்குள் நான் வீட்டுக்கு ஓடினேன். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். லீவு நாளிலும் ராத்திரி ஷிஃப்ட் ஆட்களுக்கு ஒரு நடை உண்டு; அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

நான் முதலிலிருந்தே சொன்னேன். குகைக்குள் பையன் இல்லை என்றபோது அவள் கை நின்றது.

"தொப்பி மட்டும்தான் கெடந்துச்சு. ஆனா அடுத்த பாகம்னு ஒண்ணு கீதாம்மா, அதுல..."

"இரு. இதுல அந்தாளு இன்னா பண்ணாரு?"

"யாரு?"

"அப்பங்காரன்."

"உக்காந்துக்கினே இருந்தாரு. விடியற வரிக்கும்."

"அழுதாரா?"

நான் படங்களை நினைவுக்குக் கொண்டுவந்தேன். "தெரிலம்மா. பின்பக்கமாதான் வரைஞ்சிருந்துச்சு. மூஞ்சி தெரில."

"அப்புறம்?"

"அப்புறம் மூட்டைய தூக்கிக்கினு போய்ட்டாரு."

"எங்க?"

"வேலைக்கு. அடுத்த ஊருக்கு தபால் குடுக்க. தொப்பிய சட்டைக்குள்ள வச்சிக்கினாரு."

அம்மா அரிசி களைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த பாகத்தைத் தொடங்கக் காத்திருந்தேன். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கட்டில் இருந்த அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோளைத் தொட்டு, "ஏந்துருங்க. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீங்க" என்றாள்.

அப்பா பதறி எழுந்து உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தார், அப்புறம் வழக்கம் போல என்னைப் பார்த்தார். திருப்பிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அம்மா மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து, மூடி வைத்துவிட்டுப் போகாமல், எதிரிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா ஒரு வாய் எடுத்தார். இரண்டாவது வாயை எடுத்தவர் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அம்மா, "துன்னுங்க, துன்னுட்டு அழுவுங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

நான் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். சாமி எங்கள் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் நெருங்கி, எங்கள் வாசலில் நிற்காமல் கடந்து போனது. கதையின் நல்ல பகுதியைக் கேட்காமலே அம்மா எழுந்து போய்விட்டாளே என்று எனக்கு ஒரே ஆத்திரம். பையன் கிடைப்பது அதில்தானே இருக்கிறது? கிடைத்த பையனை விட்டுவிட்டு, முகம்கூடத் தெரியாத ஒருவன் எங்கே போனான், என்ன செய்தான் என்று இவ்வளவு கேட்பானேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.