இரண்டு காலிக் கட்டங்கள்

வென்ஸல் நெக்வாட்டலுக்கு நான் பதினெட்டு குல்டன் கடன்பட்டிருந்தேன். பதினாறு வருடம் கொடுக்கவில்லை. இல்லாமலா? வியன்னாவில் ஏழு ஆள் வைத்து இசைத்தாள் நகலெடுக்கும் கடை நடத்துகிறவன் நான். பள்ளிக்கூடம் மூன்று குளிர்காலம்தான். மெழுகுவர்த்திப் பெட்டி சுமந்து பிழைத்தவன். இன்று என் கையெழுத்தைப் பார்த்தே பெரிய வீடுகளில் என் பெயரைச் சொல்வார்கள்.

வென்ஸல் பொஹீமியாக்காரர். ஒரு பிரபு வீட்டில் பரிமாறுவார். சாப்பாடு முடிந்ததும் அதே சீருடையில் வயோலா வாசிப்பார். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் நால்வர் இசை. முதல் வயலின் கதை சொல்லும், இரண்டாவது குறுக்கே பேசும், செல்லோ அடித்தொண்டையில் முனகும். வயோலா நடுவிலிருந்து உம் கொட்டும். உம் கொட்டுவதில் வென்ஸலை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

என் முதல் பெரிய வேலை அந்த வீட்டுக்குத்தான். நாலு பேருக்கும் தனித்தனிப் புத்தகம். மற்ற மூன்றைக் கூட்டாளி எழுதினான். வயோலா என் பங்கு. கடைசிப் பகுதியில், வேகமாக ஓடும் இடத்தில், இரண்டு தாளக் கட்டம் சுரமில்லாமல் வெறுமையாக இருந்தது. அந்த இரண்டால் எழுத்து அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. காலிதானே என்று அந்த இரண்டையும் எழுதாமல் விட்டுவிட்டேன். புத்திசாலித்தனம் என்றுகூட நினைத்தேன்.

ஒத்திகை பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை நான் கதவோரம் நின்றிருந்தேன். நாலு பேரும் ஓடி வந்து ஓரிடத்தில் சட்டென்று நிற்க வேண்டும். மூன்று பேர் நின்றார்கள். அந்த அமைதிக்குள் வயோலா மட்டும் உம் கொட்டியது. விருந்தாளிகள் சிரித்தார்கள்.

பிரபு சிரிக்கவில்லை. "என்ன வென்ஸல், சூப்பு ஆறிப்போகுதா?"

வென்ஸல் தாளை ஒரு தரம் பார்த்தார். புத்தகத்தை மூடினார். "எண்ணிக்கையை விட்டுட்டேன், எசமான்."

சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதச் சம்பளம் பதினெட்டு குல்டனும் போயிற்று. நான் கதவோரத்திலேயே நின்று விரலில் காய்ந்த மையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வென்ஸல் அந்தப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரெண்டு கட்டம் எங்கடா?"

"காலியாத்தானே இருந்துச்சு, அண்ணே."

"நாலு பேர் பேசிக்கிட்டிருக்கோம். ஒருத்தன் எக்குத்தப்பா ஒண்ணு சொல்லிட்டான், எல்லாரும் கப்சிப். நான் மட்டும் 'உப்பை இப்படித் தள்ளு'ங்கறேன். அதான் நீ எழுதினது."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன் பொழப்பு போயிருக்கும். எனக்கு வேற வீடு கிடைக்கும். சம்பளத்தை மட்டும் குடுத்துடு."

"தர்றேன்."

வேறு வீடு கிடைக்கவில்லை. எண்ணத் தெரியாத வயோலா என்று பெயர் விழுந்துவிட்டது. ஒயின் கடைகளில் ஆட்டத்துக்கு வாசித்தார். நான் அந்தப் பக்கம் போவதை விட்டேன். என் கடையில் ஒரு பிழை விழுந்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன். பணத்தைக் கொடுத்தால் அந்தச் சொல் பொய்யாகும்.

போன பிப்ரவரியில் வாசலில் வந்து நின்றார். இடது கை செத்துத் தொங்கியது.

"தாள்ல கோடு போடுற வேலை இருக்கா? வலது கை நல்லாருக்கு."

ஏழு தலையும் நிமிர்ந்தன. மூத்தவன் லோரன்ஸ், "யாருங்க மாஸ்டர் இவரு?" என்றான்.

"பழைய வாடிக்கை," என்றார் வென்ஸல், என்னை முந்திக்கொண்டு.

நான் பணப்பெட்டியைத் திறந்தேன். மதிப்பிழந்த காகித நோட்டு அல்ல, வெள்ளிக் காசு.

"திங்கக்கிழமை வேலைக்கு வாங்க, அண்ணே. முதல்ல இது." ஏழு பேருக்கும் கேட்கச் சொன்னேன்: "இவரு தாள்ல நான் ரெண்டு கட்டத்தை முழுங்கினேன். வேலை போனது இவருக்கு."

அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் விரித்து வைத்தார்.

"சத்தமா எண்ணு. இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது."

எண்ணினேன். பதினாறில் தடுத்தார்.

"இரு. இங்க ரெண்டு கட்டம் காலி."

நின்றோம். ஒரு பேனாவும் ஓடவில்லை. பிறகு அவர் தலையசைத்தார். பதினேழை வைத்தேன், பதினெட்டை வைத்தேன்.