ஸ்டோர் ரூமில் என்னத்தான்

என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. ஆரம்பிப்பார், பாதி வழியில் அது உண்மையாகிவிடும். தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு வந்த பெண்ணிடம், "பட்டன் மட்டுந்தாம்மா பாக்கி" என்று தொடங்கி, "இன்னும் வெட்டவே இல்ல" என்று முடித்தவர். இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரியை ஏமாற்றத் திட்டம் போட்டார் என் கணவர்.

அண்ணி என்று நான் கூப்பிடும் அந்த நாத்தனார் அவருக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்ததெல்லாம் அளவு சரியில்ல. பிரிச்சுத் தைக்க எனக்குப் பொறுமை இல்ல" என்பார். அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தது அவருடைய தையல் மெஷின்தான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சண்டைக்காவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அவர் அறை வீட்டின் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுத் துளை. அதிலும் ஒரு பல்லி குடியிருந்தது. நட்டநடுப் பகலிலும் பல்பு எரியும். "இந்த நூலக் கொஞ்சம் கோத்துக் குடு" என்று நாளெல்லாம் என்னைக் கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, வெளிச்சத்துல உக்காந்து தைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மாடி கட்டும்போது உனக்குப் பெருசா ஒரு ஜன்னல் வெக்கிறேங்க்கா" என்று தம்பி வாக்குக் கொடுத்தார். அண்ணி அன்றைக்கே ஜன்னலுக்குத் திரை தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மாடி கட்டும் நாளும் வந்தது. எங்கள் பக்கத்தில் வரைபடம் போடுகிறவரை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் நான் பெரிய சமையலறை கேட்டேன். என் கணவர் வண்டி நிறுத்த இடம் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் நசுங்கிய மாடிப்படி, அண்ணியின் அறைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வைக்க இருந்த ஒரே வெளிச்சுவர் அது. 'படுக்கையறைக்கு ஜன்னல் இல்லை' என்று எழுதி, அனுமதி தராமல் வரைபடத்தை நகராட்சியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேல் அசரவில்லை. "இது ஒரு விஷயமா சார்? 'படுக்கையறை'ய அடிச்சிட்டு 'ஸ்டோர் ரூம்'னு போட்டுடறேன். ஸ்டோருக்கு ஜன்னல் வேண்டாம். அப்புறம் உள்ள நீங்க மூட்டைய வெச்சா என்ன, மனுஷர வெச்சா என்ன? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

யாரும் வரமாட்டார்கள் என்றவரே அடுத்த வாரம் போன் செய்து, நாளைக்கு வருகிறார்கள் என்றார்.

காலையிலேயே அண்ணியின் கட்டிலையும் மெஷினையும் எங்கள் அறைக்குத் தூக்கினோம். பழைய பெயின்ட் டப்பா, உடைந்த மின்விசிறி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இரண்டு மூட்டை எல்லாம் அங்கே குடியேறின. மூட்டைக்கு ஒரு முனை நானும் பிடித்தேன். பெட்டியை நகர்த்தும்போது அந்தத் திரை கீழே விழுந்தது.

"என்னக்கா இது?"

"திரை. ஜன்னலுக்கு."

"எந்த ஜன்னலுக்கு?" என்று கேட்டார் மனுஷன். நிஜமாகவே மறந்துபோயிருந்தார். கையில் இருந்த துடைப்பத்தை நான் கீழே வைத்தது அவர் செய்த புண்ணியம்.

பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். "ஒரு அரை மணி நேரந்தாங்க்கா. இது ஸ்டோர் ரூம்னு நாங்க சொல்லிக்குவோம். நீ வாயத் திறக்காம இருந்தா போதும்."

அண்ணி திரையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினார். அவர் சண்டை போட்டால் பயமில்லை. தலையாட்டினால்தான் பயம்.

அதிகாரி வந்தார். வெயிலில் வாடிய முகம், கையில் அளவு நாடா. வாசலில் தொடங்கி அளந்துகொண்டே கடைசி அறைக்கு வந்தார். மூட்டையைப் பார்த்தார், பல்லியைப் பார்த்தார், கதவோரம் நின்ற அண்ணியைப் பார்த்தார். பொழுதுபோகாமல் கேட்டாரோ, சந்தேகப்பட்டுத்தான் கேட்டாரோ, "ஏம்மா, இதுல என்னத்த வெக்கப் போறீங்க?" என்றார்.

"என்னத்தான்" என்றார் அண்ணி.

அதிகாரி நிமிர்ந்தார். "உங்க அத்தானையா? அவரு எங்க?"

"ஐயோ, எனக்கு ஏது சார் அத்தான்? அத்தான் இருந்தா நான் ஏன் ஸ்டோர் ரூம்ல கெடக்கறேன்? என்னத்தான் வெக்கப் போறாங்க. என்னய!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

ஸ்கேல் இருமினார். என் கணவர், "அக்கா சும்மா தமாஷ் பண்றாங்க சார்" என்றார்.

"தமாஷ்தான்டா" என்றார் அண்ணி. "ஜன்னலே இல்லாத ஊருக்குத் திரை தைச்சு வெச்சேன் பாரு!" கக்கத்தில் இருந்ததை விரித்துக் காட்டினார். நீல நிறம், ஓரத்தில் சின்னச் சின்னப் பூ வேலை. அந்த இருட்டில் உட்கார்ந்து எப்படித்தான் போட்டாரோ. நூல் கோத்துக் கொடுத்தது நான்தான், எதற்கு என்று கேட்டதில்லை.

அதிகாரி நாடாவைச் சுருட்டினார். "ஆள் தங்கற ரூமுக்கு வெளிக்காத்து வரணும், வெளிச்சம் வரணும். உங்களத் தொந்தரவு பண்ண எழுதுன விதி இல்ல சார் இது. உள்ள இருக்கறவங்க மூச்சு விடணும்னு எழுதினது. படிய அந்தப் பக்கம் தள்ளி வரைஞ்சு எடுத்துட்டு வாங்க."

வரைபடம் திரும்பி வந்த நாளிலிருந்து அந்த விதியை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. கடைசியில் பார்த்தால், எங்கள் வீட்டில் அண்ணியை நினைத்துப் பார்த்தது அது ஒன்றுதான். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் 'அந்தப் பக்கம்' என்பது என் சமையலறை. சுருக்கென்றது வேறு, சமையலறை வேறு. பாதி இடம் படிக்குப் போய்விட்டது. இரண்டு நாள் நான் பாத்திரங்களோடு மட்டும் பேசினேன், கொஞ்சம் சத்தமாகவே.

அனுமதி கிடைத்து, முத்திரை குத்திய வரைபடத்தை ஸ்கேல் கொண்டுவந்து விரித்தார். அண்ணியின் அறையில் 'படுக்கையறை' என்று இருந்தது. அண்ணி அதை விரலால் ஒருமுறை தடவினார். விரல் நகர்ந்து, மாடிப்படிக்கு அடியில் 'ஸ்டோர்' என்று எழுதியிருந்த ஒரு மூலையில் நின்றது.

"இதுல என்னத்த வெப்பீங்க?"

"உங்க தம்பியத்தான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஸ்கேல் காபியைச் சிந்திவிட்டார்.

இப்போது ஜன்னல் இருக்கிறது. தம்பி வெட்கத்தில், சொன்னதைவிடப் பெரிதாக வைத்துவிட்டார். நீலத் திரை இரண்டு பக்கமும் எட்டவில்லை. ஒட்டுத்துணி சேர்த்துத் தைத்துவிடலாமே என்றேன். "மூடி வெக்கறதுக்கா இத்தன வருஷம் கேட்டேன்?" என்றார் அண்ணி.

ஆனால் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. நேற்றும், "இந்த நூலக் கொஞ்சம் கோத்துக் குடு" என்று குரல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஊசியை வாங்கிப் பார்த்தால் நூல் ஏற்கெனவே கோத்திருக்கிறது.

"கோத்துத்தானே இருக்கு, அண்ணி?"

"தெரியும்" என்றார், மெஷினிலிருந்து தலையை எடுக்காமல். "வெளிச்சம் நல்லா இருக்கு. செத்த நேரம் உக்காரு."