எல்லாம் சூடுதான்

என் தம்பியை வேலை செய்யும் இடத்தில் பம்பரம் என்பார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. நீராவி இஸ்திரி மெஷினில் படுக்கை விரிப்பைத் தம்பி விடுவான். மறுமுனையில் வாங்கி நான் மடிப்பேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன், வேறு நாதி கிடையாது.

இஸ்திரி அறைக்கென்று ஒரு வைத்திய சாஸ்திரம் உண்டு. மூக்கில் ரத்தமா, சூடு. தூக்கம் வரவில்லையா, சூடு. பொண்டாட்டியோடு சண்டையா, அதுவும் சூடு. உப்புத் தண்ணீரைக் குடி, ஈரத்துண்டைக் கழுத்தில் போடு, வேலையைப் பார். அவ்வளவுதான்.

ஆள் குறைந்துபோன ஒரு வாரத்தில் கூட வேலை செய்தவன் ஒருவன் தம்பிக்கு ஒரு மாத்திரை கொடுத்தான். தெம்பு மாத்திரை என்றான். போட்டால் பசி இல்லை, தாகம் இல்லை, களைப்பு இல்லை. இரண்டு ஆள் வேலையைத் தம்பி ஒருவனே இழுத்துப்போட்டுச் செய்தான். மேஸ்திரி முதுகில் தட்டினார். நானும் பெருமைப்பட்டேன். அதை மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

அந்த வாரத்தோடு விடவில்லை, தினமும் போட ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். வாயில் ஒன்றும் இல்லாமலே நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். கடைவாய்ப் பல் இரண்டு விண்டு விழுந்தது. தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது என்று கையைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டான். கேட்டால், "சூடுக்கா" என்பான். நானும் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஒரு மத்தியானம் மெஷின் முன்னாலேயே சுருண்டு விழுந்தான். தொட்டால் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"மாத்திரை ஏதாவது போடுறாரா? மறைக்காம சொல்லுங்க."

தம்பி என் விரலைப் பிடித்து அழுத்தினான். தெரிந்தால் வேலை போய்விடும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இஸ்திரி ரூம் சூடு, அவ்வளவுதான்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவரும் நம்பினார். இஸ்திரிக்காரனுக்குச் சூடு ஏறியது என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? உடம்பைக் குளிரவைத்து, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் மறுபடியும் மாத்திரை.

எட்டு மாதம் கழித்து அவன் கால் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினான். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. இந்த முறை கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்.

"இதயம் வீங்கி, தளர்ந்துபோச்சு. கால்வாசிதான் வேலை செய்யுது. அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இப்ப அடியோட விட்டா ஓரளவு தேறலாம். திரும்பத் தொட்டா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

தேறலாம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பத்து நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். விழித்தால் அழுதான். பதினாறாம் நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வீடு பெருக்கியிருந்தது, பாத்திரமெல்லாம் கழுவியிருந்தது. ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். வேர்த்துக் கொட்டியது. கண்மணி இரண்டும் அகல விரிந்திருந்தன.

"போட்டியாடா?"

தலையைக் குனிந்துகொண்டான். "விட்டா படுத்துக்கிட்டே சாவேன்க்கா. போட்டா நின்னுக்கிட்டாவது சாவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அடிக்கக் கை ஓங்கினேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சட்டைக்கு மேலேயே நெஞ்சு படபடவென்று அடிப்பது தெரிந்தது. ஓர் அடி தாங்குகிற இடம் அவன் உடம்பில் எங்குமே இல்லை.