திரும்பி வந்தபோது ஊதாவாகியிருந்த பெயர்

இணையப் பக்கத்தில் ஒரு பெயரைத் தொடுகிறீர்கள். உள்ளே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறீர்கள். நீங்கள் தொட்ட அந்தப் பெயர் நிறம் மாறியிருக்க வேண்டுமா, பழைய நிறத்திலேயே இருக்க வேண்டுமா?

சின்னக் கேள்விதான். என்னைப் போல இணையப் பக்கம் செய்கிறவர்கள் இதற்காக ஒரு வாய் தேநீரைக்கூட ஆறவிடுவதில்லை. எனக்கு மட்டும் இன்னும் பதில் தெரியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஏரல். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு தூத்துக்குடி. படித்தது கணினி. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் நடக்கவும் பேசவும் தொடங்கிய பிறகு, ஊரிலேயே சின்னதாக இணைய வடிவமைப்பு அலுவலகம் நடத்தும் ஓர் அண்ணன், என் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி எனக்கு வேலை கொடுத்தார். அவர்கள் செய்து முடித்த பக்கம் எல்லா பிரவுசரிலும், எல்லா ஃபோனிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு பிரவுசரில் சதுரமாக நிற்கும் பொத்தான் இன்னொன்றில் மாத்திரை போல உருண்டுவிடும். ஒரு ஃபோனில் ஒழுங்காகத் தெரியும் எழுத்து, இருண்ட திரை வைத்திருப்பவரின் ஃபோனில் வெள்ளை மேல் வெள்ளையாகிக் காணாமல் போகும். இதையெல்லாம் கண்டுபிடிக்கச் சந்தேகப்படும் புத்தி வேண்டும். அது எனக்கு நிறையவே உண்டு. கேஸை மூடினேனா என்று வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவள் நான்.

நாங்கள் குடியிருப்பது கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அக்கா. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் இந்துக்கள். அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். ஆகவே என் மகள் பாதி நாள் கீழே அக்கா மடியில்தான் வளர்ந்தாள்.

அக்கா குடும்பம் சேர்ந்த பங்கின், அதாவது அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கர்களின், கோயிலுக்காக ஒரு பக்கம் செய்யும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பூசைக்குக் கருத்துக் கொடுப்பதற்கான பக்கம். ஒரு பூசையை என்ன வேண்டுதலுக்காக, யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அங்கே குடும்பங்கள் எழுதிக் கொடுப்பது வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களும் கொடுக்க வசதியாக ஒரு படிவம். அதன் கீழே அந்த வாரத்துப் பெயர்களின் பட்டியல். பெயரைத் தொட்டால் வேண்டுதல் முழுதாகத் திறக்கும். அந்தக் கோயிலின் ஃபாதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடற்பயணத்துக்கு நீலம், நன்றிக்குப் பச்சை, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஊதா. ஊதா அவர்களுக்குத் துக்கத்தின் நிறம், அந்தப் பூசைகளில் ஃபாதர் அணிகிற நிறம். அப்படியே செய்தேன்.

சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்தது அக்காவின் பழைய ஃபோன். உப்புக் காற்றில் சார்ஜ் துளை பச்சைபிடித்துப் போன ஃபோன். என்ன வேண்டுதல் என்று தேர்ந்தெடுக்க நான் அழகாக வரைந்து வைத்திருந்த வட்டங்களை அதில் தொட்டால் உள்ளே புள்ளியே வரவில்லை.

"ஏளா, நான் எதத் தொட்டேன்னே தெரியலையே. எல்லாம் வெறும் வட்டமால்லா இருக்கு" என்றார் அக்கா.

பக்கத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லும் சிஎஸ்எஸ் குறிமுறையில், புது பிரவுசர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு வரியை நம்பி அந்தப் புள்ளியை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, பிரவுசரே தருகிற சாதாரண வட்டங்களையே போட்டேன். அக்கா தன் கணவருக்காகக் கடற்பயணத்தைத் தொட்டு, பெயர் எழுதி அனுப்பினார். "உனக்குச் சம்பளம் தாரவன் எனக்கும் தரணும்ளா" என்று சொல்லிச் சிரித்தார். படிவத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்தோமே என்ற திருப்தியில், கீழே இருந்த பெயர்ப் பட்டியலை என் மடிக்கணினியில் மட்டும் பார்த்து முடித்துக்கொண்டேன்.

பக்கம் வெளியான அன்று மத்தியானம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா படியேறி வந்தார். எப்போதும் பாதிப் படியிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறவர், அன்று மேலே வந்து நேராக ஃபோனை நீட்டினார். திரையில் அவர் கணவரின் பெயர் ஊதாவாக இருந்தது.

"இப்பதாம்ளா நீலமா இருந்துச்சு. தொட்டு உள்ள போனேன். கடற்பயணம் நல்லபடியா அமையணும்னுதான் போட்டிருந்துச்சு. வெளிய வந்து பாக்கேன், அதுக்குள்ள மாத்திட்டாவ."

"யாருக்கா மாத்துவாவ?"

"கோயில்லதான். வேற யாரு? செய்தி மொதல்ல எங்கன வரும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பலில் ஏதாவது ஆகிவிட்டால் கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் நேராக வீட்டுக்குப் பேசமாட்டார். முதலில் ஃபாதருக்குச் சொல்வார். ஃபாதர் வந்து வீட்டாருக்குச் சொல்வார். இந்தத் தெருவில் அதுதான் நடைமுறை. நேரங்கெட்ட நேரத்தில் ஃபாதரின் பைக் தெருவுக்குள் திரும்பினால், கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் அது எந்த வாசலில் நிற்கிறது என்று சன்னல் வழியாகப் பார்ப்பதை மாடியிலிருந்து நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா கணவருக்குப் போட்ட அழைப்பு போகவில்லை. நடுக்கடலில் இருந்தால் போகாது, அது அக்காவுக்கும் தெரியும். பங்கு அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் பூட்டியிருப்பார்கள். ஃபாதர் ஒரு புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கத் தருவைகுளம் போயிருப்பதாக முந்தின நாளே பேச்சு. அவருடைய ஃபோனும் எடுக்கப்படவில்லை. நான் மறுபடி அழைக்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம். எடுக்கமாட்டாவ. நேர்லதான் வருவாவ."

மடிக்கணினியைத் திறந்தேன். என் திரையில் பெயர் நீலமாகவே இருந்தது. தொட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தேன். அப்போதும் நீலம்.

"பாருங்கக்கா. மாறவே இல்ல."

"உன் பெட்டியில பழசு காட்டுதுளா."

அது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ஃபோன் பழைய பக்கத்தையே சேமித்து வைத்துக்கொண்டு காட்டும், புதுப்பித்துப் பாருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அது என்னிடமே திரும்பி வந்தது. அவர் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வது? பிறகு இன்னொரு பயம். படிவத்தில் என் வட்டங்கள் இன்னும் ஒழுங்காக வேலை செய்யவில்லையோ, அக்கா பயணத்தைத் தொட்டது ஆன்மாவாகப் பதிவாகிவிட்டதோ? அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அக்காவே கேட்டார்.

"நாந்தான் தெரியாம மாத்தித் தொட்டுட்டனோ? உயிரோட இருக்க மனுசனுக்கு நானே ஆன்மாப் பூசை சொல்லிட்டனோ?"

"இல்லக்கா. உள்ள பயணம்னுதான இருக்கு."

"உள்ள இருக்கு. வெளிய ஏன் இப்பிடி இருக்கு?"

அக்கா தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மகள் சோற்றுக் கையோடு போய் அவர் மடியில் ஏறி, வழக்கம்போல ஃபோனைக் குத்த ஆரம்பித்தாள். ஏதோ ஒரு பெயர் திறந்தது. அக்கா பார்க்காமலேயே பின்னால் வரும் பொத்தானை அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று முன் பச்சையாக இருந்த ஒரு பெயர் ஊதாவாகியிருந்தது. பெண்குழந்தை பிறந்ததற்கு நன்றி சொல்லி யாரோ கொடுத்த பெயர்.

ஃபோனை வாங்கி இன்னொரு பெயரைத் தொட்டுத் திரும்பினேன். ஊதா. இன்னொன்று. ஊதா.

நாம் ஒருமுறை தொட்ட இணைப்பை பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு, போய்வந்த அடையாளமாக ஊதா பூசும். இணையம் வந்த காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம் இது. வேண்டாமென்றால், போய்வந்த இணைப்புக்கு இன்ன நிறம் என்று நாம்தான் சிஎஸ்எஸ்ஸில் தனியாகச் சொல்ல வேண்டும். இன்னும் தொடப்படாத இணைப்புக்கு மட்டும்தான் நான் நிறம் சொல்லியிருந்தேன். இது ஏன் என் கண்ணில் படவில்லை என்றால், பழைய பக்கம் குழப்பக் கூடாது என்பதற்காக நான் எப்போதும் இன்காக்னிட்டோ சன்னலில்தான் சோதிப்பேன். அது எங்கே போய்வந்தோம் என்பதை நினைவில் வைப்பதே இல்லை. அதனால் என் திரையில் எந்தப் பெயரும் ஊதாவாகவே முடியாது.

அக்காவிடம் சொன்னேன். முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். ஒரு வரி எழுதி ஏற்றி, அவர் ஃபோனில் பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டினேன். எல்லாம் நீலத்துக்கும் பச்சைக்கும் திரும்பிவிட்டன. இனி அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன்.

"இப்ப நீதான மாத்துன?"

"ஆமாக்கா. தப்பத் திருத்தினேன்."

"நீ மாத்துனா நீலம். இன்னொருத்தர் மாத்துனா ஊதா. அப்ப நான் எதம்ளா நம்பணும்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மகள் அக்கா மடியிலேயே தூங்கிப்போனாள். தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டபோது இருவருமே சன்னல் பக்கம் திரும்பினோம். அது கேன் தண்ணீர் போடுகிறவர்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அக்காவின் ஃபோன் அடித்தது. கப்பல் ஏதோ ஒரு கரையை நெருங்கி, சிக்னல் கிடைத்திருக்கிறது. ஸ்பீக்கரில் அவர் கணவர் கேட்ட முதல் கேள்வி: "பின்பக்கத்துக் குழாய் ஒழுகுதுன்னியே, சரிபண்ணியாச்சா?"

அக்கா வெடித்தார்.

"குழாயா? இங்கன உங்களுக்குப் பூசையே வச்சு முடிச்சாச்சு! உயிரோட இருக்கீயளா, இல்லியா?"

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? பேசிக்கிட்டுத்தான இருக்கேன்?"

"அப்ப சரி. குழாய் ஒழுகத்தான் செய்யுது. நீங்க வந்து பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுத்தான் அழுதார். மகள் விழித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

என் கணவர் வந்து கேட்டுவிட்டு, "ஒரு வரிதான? திருத்தியாச்சுல்லா? அப்புறம் ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றார். ஃபாதர் மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். வரும் முன்பே ஃபோன் பண்ணி, "நல்ல விசயத்துக்குத்தாம்மா வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பயணம், நன்றி, ஆன்மா என்று சொல்லையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். சேர்த்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சில வாரங்கள் கழித்துப் பங்கு அலுவலகம் வழியாக ஒரு வேண்டுகோள் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இந்தப் பங்கில் பிறந்தவர், இப்போது மகனோடு வெளியூரில் இருக்கிறார். தினமும் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராகத் தொட்டு, வேண்டுதலைப் படித்து, அவர்களுக்காக ஒரு செபம் சொல்கிறாராம். பக்கம் வெளியான அன்று தொட்ட பெயரெல்லாம் நிறம் மாறி நின்றது. எதுவரை சொன்னோம் என்று தெரிந்தது. அப்புறம் மாறவே இல்லையே, சிலருக்கு இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன், யாரையோ விட்டும்விடுகிறேன், அந்த நிறத்தைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

படித்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறி போடப் பார்த்தேன். பிரவுசர்கள் விடவில்லை. நாம் எங்கெல்லாம் போய்வந்தோம் என்று பக்கம் செய்கிறவர்கள் உளவு பார்க்கக் கூடாது என்பதற்காக, போய்வந்த இணைப்புக்கு நிறத்தை மட்டும்தான் மாற்ற அனுமதி. சரி, நீலத்தையே கொஞ்சம் வெளிறச் செய்தேன். அக்காவின் ஃபோனில் திறந்து காட்டினேன்.

"ஏம்ளா மங்கிப் போயிருக்கு?" என்றார்.

உடனே எடுத்துவிட்டேன். அடிக்கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றினேன். அந்தக் கோடு தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். அண்ணனிடம் கேட்டால், "லிங்க் கலரா? அடுத்த வேலையப் பாரும்மா" என்கிறார்.

அக்கா இப்போது அந்தப் பட்டியலைத் தானாகத் திறப்பதில்லை. பெயர் கொடுத்த வாரங்களில் படியடியில் நின்று, "ஏளா, ஒரு எட்டு பாத்துச் சொல்லு" என்று குரல் கொடுப்பார். பார்த்துவிட்டு, "நீலந்தாங்க்கா" என்பேன். நான் சொன்னால் நம்புகிறார். நிறத்தை மாற்றக்கூடியவள் நான்தான் என்று தெரிந்தும் நம்புகிறார். பார்க்காமலே சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கப்பலில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்காகப் பெயர் பெயராக வேண்டிக்கொள்கிறவர்களும் இருப்பீர்கள். நீங்கள் தொட்டுத் திரும்பிய பெயர் எப்படி இருந்தால் உங்களுக்குப் பயம் வராது? எப்படி இருந்தால் விட்ட இடம் தெரியும்? இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு நிறம் உங்கள் மனதில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். பழைய ஃபோனில் பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.