பளபளா தேய்த்த வாக்குவம்

மிக்ஸியைப் பழுது பார்க்கிறவர்கள் எங்கும் உண்டு. பழுது பார்த்த மிக்ஸியைக் கல்யாணத்துக்குக் கிளப்புவதுபோல் சிங்காரித்து அனுப்புகிறவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். ‘பளபளா’ என்று பெயர் வாங்கிவிட்டார். கறை, கீறல், நசுங்கல் மூன்றும் அவருக்குப் பரம்பரை விரோதிகள்.

அவர் மனைவி சினிமா தியேட்டரில் நாற்காலி சுத்தம் செய்தவர். தியேட்டரை மூடியபோது, கையில் பிடித்து ஓட்டும் பழைய அலுமினிய வாக்குவம் கிளீனரை, “நீயே வெச்சுக்கம்மா” என்று கொடுத்துவிட்டார்கள். மோட்டார் செத்துப் பரணில் கிடந்தது.

இப்போது அந்த அம்மாளின் ஞாபகம் ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. முதலில் அக்கம்பக்கம், அப்புறம் மகள், கடைசியாகப் புருஷன். மரியாதையாகவே அனுப்பியது, அவரை “சார்” என்றுதான் கூப்பிட்டாள்.

ஒருநாள் மாடியில் யாரோ சுவரில் துளை போட்டார்கள். கரகர சத்தம் கேட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்து, வாக்குவம் ஓட்டுவதுபோல் மெத்தையைக் கையால் தடவிக்கொண்டே போனாள். “என்னங்க, இந்த வரிசை முடிஞ்சுது” என்றாள். சத்தம் நின்றதும் மறுபடி “சார்”.

ஒரு “என்னங்க”வுக்காக மனிதர் பரணில் ஏறினார்.

“ஓட வெச்சா போதும்ப்பா,” என்றாள் மகள். “உங்க கைவரிசையக் காட்டிராதீங்க.”

“எனக்குத் தெரியாதாடி?”

தெரியும். கைக்குத்தான் தெரியாது. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை மாற்றினார். கிழட்டு எருமைபோல் உறுமி ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தேய்ந்த பேரிங்கோடு ஒரு பொருளை வெளியே அனுப்பினால் பளபளாவின் மானம் என்னாவது? அதையும் மாற்றினார். மனைவி தியேட்டர் படியில் போட்டு நசுக்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தினார். அவள் விரல்கள் கறுக்க வைத்த கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தார். பாலிஷ் போட்டபின் முகம் பார்க்கலாம்போல் இருந்தது. பார்த்து மீசையையும் ஒதுக்கிக்கொண்டார்.

கட்டிலருகே கொண்டுபோய் சுவிட்சைப் போட்டார். பூனை தூங்குகிற மாதிரி மெல்லிய முனகல். அவள் கை அசையவில்லை.

“கொஞ்சம் பிடிச்சுப் பாரேன்,” என்று கையில் வைத்தார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “புதுசு மாதிரி இருக்கு சார். யாருது?”

“உன்னுதுதாம்மா.”

“என்னுது நசுங்கினது. கத்தும்.” சுற்றும்முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். “இதை எங்க வீட்டுக்காரர் கண்ணுல காட்டிராதீங்க. தேய்ச்சே ஓட்டை போட்டுருவாரு, மனுசன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பளபளா சுவிட்சை அணைத்தார்.

“காட்டலைங்கம்மா,” என்றார்.