உலர் எடை

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மில்லிகூடப் பிசகாமல் அளப்பதால் அவளுக்கு மில்லியக்கா என்று பெயர். இருபத்தேழு வருஷமாக அங்கே உதவியாளர். எடை போடுவது, கரைசல் கலக்குவது, குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்கி அள்ளுவது எல்லாம் அவள் தலையில்தான். கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்க்கிற பிள்ளைகளிடம் வருஷம் முழுக்க ஒரே பாட்டு: "குனிஞ்சு பாரு கண்ணு. மேல் விளிம்பு இல்ல, கீழ் வளைவு." முதல் நாள் வகுப்பில் பேராசிரியர், இடத்தை அடைத்துக்கொண்டு எடையும் உள்ளது எதுவோ அதுவே பருப்பொருள் என்பார். இடத்தை அடைத்துக்கொண்டு முட்டியும் வலிப்பது நான்தான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவள் கணவர் தையல்காரர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரி இயந்திரம்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய நீரை வெளியே எடுக்கிறது. அந்த நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடைக்கு உலர் எடை என்று பெயர். அவருக்கு அது ஐம்பத்தெட்டு கிலோ என்று போன வருஷம் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்றும் சொன்னார்கள்.

லிட்டர் என்றதும் மில்லியக்கா நிமிர்ந்தாள். தெரிந்த வேலை. விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட அளவு ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தினமும் காலையில் அதில் ஒரு லிட்டர் ஊற்றி வைப்பாள். மாத்திரைக்கும் தேநீருக்கும் அதிலிருந்துதான். ஒரு தடவை மனுஷன் ஐஸ் கட்டியை வாயில் அடக்கியபடி கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"இது தண்ணி இல்லம்மா. திடப்பொருள்."

"உருகினா எங்கே போகும்? ஆவியா பறந்துடுமா? முப்பது மில்லி!" என்று ஜாடியிலிருந்து முப்பது மில்லியை அளந்து எடுத்துச் செடிக்கு ஊற்றினாள்.

அன்றோடு வீட்டில் அவர் பேச்சு எடுபடாமல் போயிற்று.

போன மாதம் தொல்லை ஆரம்பித்தது. இயந்திரம் ஐம்பத்தெட்டுக்கு இறக்கப் பார்க்கும். ஐம்பத்தொன்பதிலேயே அவருக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும்; அலறுவார்; நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரம் ஐம்பத்தொன்பதரையில் நிறுத்தினார்கள். பிறகு அறுபதில். நர்ஸ் அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு கிலோ உள்ளேயே நிக்குது. வீட்ல தண்ணிய இறுக்கிப் பிடிங்க."

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இது மில்லியக்காவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அப்படியானால் இரண்டு லிட்டர் எங்கிருந்து வந்தது? பகலெல்லாம் அவள் வேலையில், அவர் வீட்டில் தனியாக, குழாய் பக்கத்தில்.

"இருபத்தேழு வருஷம் லேப்ல நின்னவ நான். எனக்கே தண்ணி காட்டுறீங்களா?"

"நீதான் எனக்குத் தண்ணியக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிற!" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லிட்டரை எழுநூறு மில்லியாகக் குறைத்தாள். வேலைக்குப் போகும்போது சமையலறையைப் பூட்டினாள்.

அவர் தன் டேப்பை எடுத்து வந்தார். "இங்க பாரு. கணுக்கால் அதே அளவு. புஜம் அரை இஞ்சு கூடியிருக்கு, சட்டைக் கை பிடிக்குது. தண்ணின்னா கால்லதானே இறங்கும்?"

"உங்க டேப் இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். தராசு பொய் சொல்லாது."

"அப்போ நான் சொல்றேனா?"

அவள் சமையலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாள் முழுக்க நின்ற கால் கடுத்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. மூன்று வாரம் அவர் உதடு வெடித்து, நாக்கு ஒட்டி, பேச்சைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் ஆளே இருக்கமாட்டார் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நேற்று மறுபடி அறுபதுக்குக் கீழே இறக்கிப் பார்த்தார்கள்; சிகிச்சை முடிந்து எழுந்தவர் அப்படியே மயங்கிச் சரிந்தார். டாக்டரம்மா ஓடி வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார். நீர் தேங்கியிருந்தால் விழும் குழி விழவில்லை.

"சாப்பாடு எப்படி?"

"அதுல குறையே இல்ல டாக்டர். நாலு மாசமா நல்லாவே சாப்பிடுறார். தினம் முட்டை, ராத்திரியும் வயிறார..." பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

"அம்மா, இது தண்ணி இல்ல. சதை. ஐயா தேறியிருக்கார். உலர் எடைய நாங்க அப்பவே மாத்தியிருக்கணும், எங்க தப்புதான். இல்லாத தண்ணிய உறிஞ்சிக்கிட்டிருந்திருக்கோம்." அட்டையில் ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு அறுபது என்று எழுதினார். "பழையபடி ஒரு லிட்டர் குடுங்க."

தராசு எவ்வளவு என்றுதான் சொல்லும், என்னது என்று சொல்லாது. ஆய்வகத்தில் சீட்டில்லாத குப்பியை அவள் தொடவே மாட்டாள். முதலில் உள்ளே என்ன என்று பார் என்பாள். வீட்டில், தான் சமைத்துப் போட்டு ஏறிய இரண்டு கிலோவுக்குத் தண்ணீர் என்று தானே சீட்டு ஒட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து முழு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். "மூணு வாரமா உங்களத் திருடனாட்டம் நடத்திட்டேன்."

"ஐஸ் கட்டி விஷயத்துல நான் திருடன்தானே," என்றார். குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

இன்று காலை பூட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். ஜாடியில் ஒரு லிட்டர் ஊற்றி, குனிந்து, கீழ் வளைவைப் பார்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். சமையலறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அவர் உள்ளே போகவில்லை. நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, அவள் செருப்பு மாட்டும் வரை காத்திருந்து, மெல்லக் கேட்டார்:

"ஒரு வாய் எடுத்துக்கட்டுமா?"